உயிரோடு இருந்தவளுக்கு ஓர் ஒப்பாரி

தங்கரத்தினக்கா கதிரையில் முழுதாக இருந்ததை நான் கண்டதில்லை. ஓரத்தில், ஒரு பக்கம் சரிந்து, எந்த நேரமும் எழும்பத் தயாரானவர் போலத்தான் இருப்பார். அது அவருடைய பழக்கம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அன்று அவருடைய வீட்டுக்கு நான் போனது அவரைப் பார்க்க அல்ல. மருத்துவமாது வேலையாகப் பக்கத்து வளவில் பிள்ளை பெற்றவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் சைக்கிளுக்குக் காற்றில்லை. பம்ப் கேட்போம் என்று அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன். முற்றத்தில் ஆளில்லை. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தபோது, அறை மூலையில் சுருட்டி வைத்த பாய்க்குப் பின்னால் ஒரு சின்னத் துணிக்கொடி தெரிந்தது. பழைய சேலையைக் கிழித்து, கயிறுபோல் தடிப்பாக முறுக்கிய துண்டுகள் அதில் காய்ந்துகொண்டிருந்தன.

வெளியே தலையைப் பிளக்கும் வெயில். முற்றத்தில் நீளக் கொடி. அதில் ஆண்களின் சாரங்களும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டைகளும். இந்தத் துண்டுகள் மட்டும் இருட்டறையில், ஈர மணத்தோடு.

பின்னால் தங்கரத்தினக்கா வந்து நின்றார். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"மிஸி, ஆருக்கும் சொல்லாதேங்கோ," என்றார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்கு அடி இறங்கிப்போச்சு."

கருப்பை தன் இடத்தைவிட்டு இறங்கி, வெளியே வந்துவிடுகிற வருத்தம் அது. நடந்தால் உராயும், புண்ணாகும். தும்மினால் சிறுநீர் போகும். அதைத் தாங்கிக் கட்டத்தான் அந்த முறுக்கிய துணிகள்.

"எத்தினை வருசமா அக்கா?"

"கடைசிப் பிள்ளைக்கு இப்ப ஏழு நடக்குது."

"அவருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சபடியாத்தான் விறாந்தையிலை படுக்கிறார்."

பிள்ளை பிறந்து எத்தனையாம் நாள் தண்ணீர் தூக்கப் போனீர்கள் என்று கேட்டேன். பன்னிரண்டாம் நாள் என்றார்.

"துடக்கு, தீட்டெண்டு கிணத்துக்கட்டிலை ஏறத்தான் விடேல்லை மிஸி. மற்றவை அள்ளி ஊத்தித் தந்ததைச் சுமக்க ஒருத்தரும் மறிக்கேல்லை."

முப்பத்தெட்டு வயது அவருக்கு. சத்திரசிகிச்சை செய்தால் சுகமாகும் என்று நான் சொன்னபோது, சந்திர மண்டலத்துக்குப் போகலாம் என்று சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

கத்தரிக்காய்ப் படம்

புதிதாக வாசிப்பவர்களுக்காக: நான் சுருவில் ஊர்க்காரி. மருத்துவமாதுவாகப் பயிற்சி முடித்து, புங்குடுதீவு மடத்துவெளிப் பக்கம் வேலைக்குப் போனவள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடைகள் எரிந்து, தெற்கில் வியாபாரம் செய்த தீவு ஆண்கள் பலர் ஊர் திரும்பிவிட்ட காலம். தங்கரத்தினக்காவின் கணவர் சிவஞானம் அண்ணையும் அப்படி வந்தவர்தான். நல்ல மனிதர். ஆனால் எரிந்த கடையிலிருந்து அவர் முழுதாக வெளியே வரவில்லை. பேச்சு மிகக் குறைவு.

தீவுகளில் கிணறு இல்லாத வளவு அரிது, ஆனால் வாயில் வைக்கக்கூடிய தண்ணீருள்ள கிணறு அதைவிட அரிது. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் வெகுதூரம் நடந்தார்கள். சாட்டிப் பக்கமிருந்து பவுசர் வண்டியில் தண்ணீர் வரும் நாட்களில் சந்தியில் குடங்களை வரிசையாக வைத்துக் காத்து நின்றார்கள். வயிற்றுப் பிள்ளையோடு தூக்கினார்கள், பெற்ற கையோடு தூக்கினார்கள். ஊரில் இத்தனை ஆண்கள் நின்ற காலத்திலும் ஒரு ஆண் குடம் தூக்கியதை நான் காணவில்லை. வாசிகசாலையில் ஒரு பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து எட்டுப் பேர் வாசித்தார்கள். அந்த வயதில் எனக்குக் கோபம் அதிகம். இப்போதும் குறைந்துவிட்டதென்று சொல்லமாட்டேன்.

தங்கரத்தினக்கா சொன்ன பிறகு நான் போகிற வீடுகளிலெல்லாம் மெதுவாகக் கேட்கத் தொடங்கினேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னவர்கள் பலர். எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "ஆருக்கும் சொல்லாதேங்கோ." ஒரே ஒழுங்கையில் எதிரெதிர் வீட்டில் இருந்த இரண்டு பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒரே வருத்தத்தோடு இருந்தார்கள்.

சரி, விளங்கப்படுத்துவோம் என்று வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்தேன். கருப்பையைப் பெரிதாக வரைந்து சுவரில் தொங்கவிட்டேன். பெண்கள் வந்தார்கள், நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். கேள்வி இருந்தால் கேளுங்கோ என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸி, இது என்ன கத்தரிக்காயோ?"

கேட்டவர் பூரணக்கா. சிரிப்பு எழுந்து அடங்கியது. கூட்டம் கலைந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் என் படத்தை யாரோ சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

புகையிலைக் குடில்

பூரணக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாற்பத்தைந்து வயதிருக்கும், விதவை. புகையிலைத் தோட்டத்தைத் தனியாகச் செய்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடென்றாலும் ஒப்பாரிக்கு அவரைக் கூப்பிடுவார்கள். செத்தவரைப் பற்றி ஒரு நாள் பழக்கம்கூட இல்லாவிட்டாலும், அவருடைய வாழ்க்கையை இட்டுக்கட்டிப் பாடிச் சனத்தை உருக்கிவிடுவார். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "தேத்தண்ணி இல்லையோ?" என்று கேட்பார்.

என் கூட்டம் தோற்ற கதையைக் கேட்டு உதவிக்கு வந்தவள் வதனி. பள்ளிக்கூட ரீச்சர். யாழ்ப்பாணத்தில் நாடகம் பழகியவள். "படம் காட்டி ஏலாது, நடிச்சுக் காட்டுவம்" என்றாள். ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் பூரணக்கா. கத்தரிக்காய் என்று பகிடி பண்ணியதற்குப் பிராயச்சித்தமாக இருக்கலாம். அவருடைய புகையிலைக் குடிலில், தொங்கும் இலைகளுக்குக் கீழே, பின்னேரங்களில் கூடினோம். பாய் இழைக்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர். உண்மையாகவே ஓலையும் கொண்டுவந்தார்கள். புகையிலைக் காரத்தில் எல்லாருக்கும் தும்மல். தும்மல் வந்தால் சிலர் கால்களை இறுக்கிக்கொண்டு நிற்பதை நான் கவனித்தேன்.

வதனி எழுதிக்கொண்டு வந்த நாடகம் நல்ல தமிழில் இருந்தது. "அன்னையே, உன் உடல்நலனைப் பேணாயோ" என்று தொடங்கியது. பூரணக்கா இரண்டு வரி கேட்டார்.

"உந்தத் தமிழிலை ஆரடி பிள்ளை நோவைச் சொல்லுறது?"

"அப்ப நீங்கள் சொல்லுங்கோ அக்கா, எப்பிடிச் சொல்லுறது?" வதனிக்குக் கொஞ்சம் ரோசம்.

பூரணக்கா சுற்றிப் பார்த்தார். பாயின் ஓரத்தில், வழக்கம்போல ஒரு பக்கம் சரிந்து இருந்த தங்கரத்தினக்காவில் கண் நின்றது. பூரணக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். பகிடியாகத்தான் தொடங்கினார், தலையை விரித்து, நெஞ்சில் அடித்து, சாவு வீட்டு ராகத்தில்.

"உப்புத் தண்ணி ஊருக்குள்ளை
உன்னைக் கொண்டு வந்து விட்டு
குடம் சுமந்த இடுப்பொடிய – என்ர ராசாத்தி
குனிஞ்சபடி போனாயோ

நோவெண்டு சொல்ல உனக்கு
நூறு சனம் இருந்ததெல்லோ
வாயைத் திறக்காமல் – என்ர ராசாத்தி
வருத்தத்தோடை போனாயோ"

சிரித்தபடி தொடங்கிய பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி அழத் தொடங்கினாள். பூரணக்காவின் குரலிலும் பகிடி போய்விட்டது. அவர் மூன்றாவது கண்ணிக்கு மூச்செடுத்தபோது தங்கரத்தினக்கா எழும்பினார்.

"நிப்பாட்டு பூரணம்," என்றார். "நான் இன்னும் சாகேல்லை."

வதனி தான் எழுதிய தாள்களை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"இதுதான் நாடகம்," என்றாள்.

முறைப்பாடு

ஊரில் எதுவும் ஒளியாது. உயிரோடு இருக்கிற மனிசிக்கு ஒப்பாரி பாடிப் பழகுகிறார்கள் என்ற கதை பரவியது. வாசிகசாலைத் தலைவர் பொன்னுத்துரை அண்ணை என்னைத் தேடி வந்தார். அவர் சிவஞானம் அண்ணையின் தமையன், அதாவது தங்கரத்தினக்காவுக்கு மச்சான் முறை.

"பிள்ளை, நீர் குழந்தையளை நிறுக்கிற வேலைக்கு வந்தனீர். அதைப் பாரும்."

"அதையும் பாக்கிறன் அண்ணை."

"குடும்பப் பொம்பிளையளின்ர மறைவான சங்கதியைச் சந்தியிலை ஆடிக்காட்டுறதோ? வாசிகசாலை தரமாட்டம். கோயில் வீதியும் தரமாட்டம். உம்மட மேலிடத்துக்கும் எழுதுவன்."

"எழுதுங்கோ அண்ணை. வருத்தத்தின்ர பேரையும் சேர்த்து எழுதுங்கோ. எழுதுறதுக்காவது அந்தப் பேர் உங்கட வாயிலை வரட்டும்."

அவர் முகம் கறுத்துப் போனது. அன்று சைக்கிளில் திரும்பும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வேலை தேவை. வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அடுப்பு எரிந்தது.

இடம் இல்லை என்றதும் இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். மிச்சப் பேர் பூரணக்காவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"இடமோ? பவுசர் வாற சந்தி ஆரின்ர முதுசம்?" என்றார் அவர்.

சந்தியில்

பவுசர் பின்னேரம் நாலு மணியளவில் வரும். மூன்றரைக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். அன்று குடங்களுக்கு நடுவே வட்டமாக இடம் விட்டு நாங்கள் நின்றோம். மேடை இல்லை, திரை இல்லை, வேசம் இல்லை. எல்லாரும் வீட்டுச் சேலையில். தானே நிற்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்த தங்கரத்தினக்கா வட்டத்தின் நடுவில் இடுப்பில் குடத்தோடு நின்றார். பூரணக்கா தலையை விரித்தார்.

முதல் வரியிலேயே சந்தி உறைந்துவிட்டது. அந்த ராகம் கேட்டால் எங்களுக்குச் சாவு வீடு. யார் செத்தது என்று வேலிக்குள் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் பிணம் இல்லை. நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். சுற்றி நின்ற பெண்கள் தோளில் கைபோட்டு, ஆடி, அழுகிறார்கள். ஒவ்வொருத்தியும் அவளுக்காக ஒரு வரி பாடுகிறாள். பிள்ளை பெற்ற கதை. துணி முறுக்கிய கதை. கோயிலில் கும்பிட்டு எழும்பேலாமல் விழுந்த கதை. அந்த வரிகளில் எது தங்கரத்தினக்காவினது, எது பாடியவளுடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொன்னுத்துரை அண்ணை ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார்.

"உயிரோடை நிக்கிறவளுக்கு ஒப்பாரியோ? ஊர் அழியப் போகுது! நிப்பாட்டுங்கோ! இல்லாட்டி இப்பவே போய்ப் பெடியளிட்டைச் சொல்லுவன்."

அந்த நாட்களில் துவக்குத் தூக்கிய இயக்கப் பெடியள் என்றால் ஊரே வாயை மூடும். பூரணக்கா பாட்டை நிறுத்தினார். விரித்த தலையோடு அவருக்குக் கிட்டப் போனார்.

"சொல்லுங்கோ அண்ணை. அவங்களும் எங்கட வயித்திலை இருந்து வந்தவங்கள்தான். எந்த வழியாலை வந்தவங்கள் எண்டு அவங்களுக்கும் தெரியட்டும்."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் அவரைச் சுட்டது. திரும்பி, கூட்டத்தில் நின்ற தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

"சிவஞானம்! உன்ர மனிசியைக் கூட்டிக்கொண்டு போ!"

சிவஞானம் அண்ணை வட்டத்துக்குள் வந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தங்கரத்தினக்கா இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி நிலத்தில் வைத்தார். ஒத்திகையில் அந்த இடத்தில் சொல்லவேண்டிய வசனம் "நான் இன்னும் சாகேல்லை" என்பது. அதைத்தான் சொன்னார், ஆனால் கூட்டத்தைப் பார்த்து அல்ல. கணவரின் முகத்தைப் பார்த்து. பிறகு ஒத்திகையில் இல்லாததையும் சொன்னார்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி நான் வீட்டை வரமாட்டன்."

பவுசரின் ஹோர்ன் தூரத்தில் கேட்டது. சிவஞானம் அண்ணை திரும்பி, தமையனைக் கடந்து, தனியாக நடந்து போய்விட்டார்.

நாங்கள் நாடகத்தை முடித்தோம். தண்ணீரும் பிடித்தோம்.

பிறகு நடந்தவை

தங்கரத்தினக்கா சொன்னபடியே செய்தார். பிள்ளைகளோடு பூரணக்கா வீட்டில் தங்கினார். ஊர் ஒரேயடியாகத் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எங்களோடு பாடிய ஒருத்திக்கு அன்றே வீட்டில் அடி விழுந்தது. நான் போய்த் தட்டியபோது அவள் படலையைத் திறக்கவில்லை. "இனி வராதேங்கோ மிஸி" என்று உள்ளே இருந்து சொன்னாள். அந்தக் குரல் இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்கும் தருணம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

நாலாம் நாள் காலை சிவஞானம் அண்ணை பூரணக்கா வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே மனைவியின் இரண்டு சேலை, ஒரு துவாய், சவர்க்காரம்.

"ஏழு மணி பஸ் இருக்கு," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

யாழ்ப்பாணத்துக்கு நேரே போகும் பண்ணைப் பாதை மூடியிருந்த காலம். ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து தட்டைப் படகில் காரைநகருக்குக் கடந்து, இன்னும் இரண்டு பஸ் மாறி யாழ்ப்பாணம் போகவேண்டும். நானும் கூடப் போனேன். படகில் இருக்க இடமில்லை. ஒரு மூட்டையில் இருந்த ஆளிடம் சிவஞானம் அண்ணை போய், "இவவுக்கு ஏலாது, கொஞ்சம் எழும்பிறீரோ?" என்று கேட்டார். மனைவிக்கு ஏலாது என்று அவர் வெளியாளுக்கு முன்னால் சொன்னது அதுதான் முதல்முறை. தங்கரத்தினக்கா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கண் நிறைந்ததை நான் பார்க்காததுபோல இருந்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆசுப்பத்திரி வாட்டில் பக்கத்துக் கட்டில்காரிகளுக்கெல்லாம் தங்கரத்தினக்கா நாடகத்தைச் சொல்லிவிட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு, முந்திக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன பெண்களில் ஐந்தாறு பேர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே சொன்னார்கள். ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு அந்தக் கடலைக் கடந்தேன். சிவஞானம் அண்ணை சைக்கிள் கரியரில் இரண்டு குடம் கட்டித் தண்ணீர் கொண்டுபோகத் தொடங்கினார். சந்தியில் பகிடி பண்ணினார்கள். அவர் தன் பாட்டில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

பொன்னுத்துரை அண்ணையின் முறைப்பாடும் வேலை செய்தது. எனக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தது. கடற்படையால் கடற்பயணம் எல்லாருக்கும் பயமான காலம். அங்கே போக யாரும் விரும்புவதில்லை. தண்டனை என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை.

வெளிக்கிடும் நாளில் பொன்னுத்துரை அண்ணையை ஒழுங்கையில் கண்டேன். சைக்கிளை நிறுத்தினேன்.

"நன்றி அண்ணை," என்றேன். "அங்கையும் பொம்பிளையள் இருக்கினம்."

நெடுந்தீவில்

போய் இரண்டு மூன்று மாதத்தில் அங்கேயும் கதவைச் சாத்திவிட்டுச் சொன்ன பெண்களைக் கண்டேன். வதனிக்குக் கடிதம் எழுதினேன். ஒரு சனிக்கிழமை குறிகட்டுவானிலிருந்து வந்த படகில் வதனி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கடல் ஆட்டத்தில் சத்தியெடுத்துக் களைத்த முகத்தோடு பூரணக்கா. அவருக்குப் பின்னால் தங்கரத்தினக்கா. தன்னை வரவேண்டாம் என்று எல்லாரும் சொன்னதாகவும், அதனால்தான் வந்ததாகவும் சொன்னார்.

தேவாலயத்துப் பக்கத்து வளவைப் பாதர் தந்தார். கல்லடுக்கிய மதிலுக்குள், பூவரச நிழலில், சைவக்காரிகளும் வேதக்காரிகளுமாக நிறையப் பெண்கள். பால் கறந்த கையோடு வந்தவர்கள், மீன் காயப்போட்டுவிட்டு வந்தவர்கள். மதிலுக்கு வெளியே ஆண்களும் நின்றார்கள். பூரணக்கா பாடினார். அந்த ஊர்ப் பெண்கள் கேட்காமலே தங்கள் ராகத்தில் சேர்ந்துகொண்டார்கள். தங்கரத்தினக்கா நடுவில் நின்று தன் வசனத்தைச் சொன்னார்.

முடிந்ததும் முன்னால் இருந்த ஒருத்தி எழும்பினாள். இருபத்தைந்து வயதுகூட இராது. இடுப்பில் கைக்குழந்தை. மதிலுக்கு வெளியே ஒருமுறை பார்த்தாள். பிறகு துணிந்து கேட்டாள்.

"அக்கா, நீங்கள் நடிச்சதோ, இல்லாட்டி உண்மையோ?"

தங்கரத்தினக்கா வெளியே நின்ற ஆண்களுக்கும் கேட்கத்தக்கதாகப் பதில் சொன்னார்.

"ஏழு வருசம் நடிச்சனான் பிள்ளை. இண்டைக்கு நடிக்கேல்லை."